மாத்து நின்ற புதன்கிழமைகள்

நிஷா போன் செய்தபோது நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. டைம் ஆபீஸிலிருந்து போன் என்றால் இப்போதும் என் கை தானாகச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்ளும். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் நிஷா. கெட்டிக்காரப் பெண், ஆனால் கொஞ்சம் அவசரக்காரி.

"மேடம், ஓவர்டைம் ரூல்ஸ்ல 'எம்'னு ஒரு குறி இருக்கு. அது என்னா மேடம்? புது சாஃப்ட்வேர் வருது. யாருக்கும் புரியாததெல்லாம் எடுத்துடுங்கன்னு சென்னையில சொல்லிட்டாங்க. எடுக்கலாம்னு போனா, இன்னிக்குன்னு பார்த்து ஒருத்தர் வந்து அதைத்தான் போடணும்னு நிக்கிறாரு."

"யாரு?"

"ரெண்டாம் பிளாண்ட் கலியமூர்த்தி."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சாயங்காலம் நானே கூப்பிடுறேன். அதுக்குள்ள எதையாவது எடுத்துத் தொலைச்சிடாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். நிஷாவுக்கு விளக்கிச் சொல்வதற்கு முன்னால் எனக்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஆரம்பகாலத்தைச் சுருக்கிவிடுகிறேன். சிதம்பரத்தில் டைப் படித்தேன், சுருக்கெழுத்தைப் பாதியில் விட்டேன், கல்யாணம் ஆனது, கம்பெனியில் தபால் அனுப்பும் கிளார்க்காகச் சேர்ந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எந்தப் பிரிவிலும் என்னை ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் டைம் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தேன். தொழிலாளிகள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று பார்க்கிற இடம் அது. அங்கே நீளமான வாய் குறையில்லை, தகுதி. இரண்டாயிரத்து நான்கில் அந்த ஆபீஸின் முழுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

என் மேலதிகாரி பெர்சனல் மேனேஜர் தேவசகாயம் சார். கடலூர் முதுநகர்க்காரர், ஒல்லியான ஆள். குரலை உயர்த்திப் பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவர் கோபத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி மரியாதைதான். சந்தோஷமாக இருந்தால் "ஏம்மா கோமதி" என்பார். லேசாக எரிச்சல் என்றால் "கோமதி மேடம்" ஆகிவிடும். "கோமதி அவர்கள் கொஞ்சம் தயவு பண்ணி வரணும்" என்று ஆள் விட்டால், என்ன தப்பு செய்தேன் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போவேன்.

இரண்டாயிரத்து ஆறில் பேப்பர் மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, ஒழித்துவிட்டு, கேட்டில் கட்டைவிரல் வைக்கும் மெஷினும் அதற்கு ஒரு சாஃப்ட்வேரும் கொண்டுவந்தார்கள். அதை நிறுவ சென்னையிலிருந்து பிரதீப் என்று ஓர் இளைஞர் வந்தார். நல்ல பையன்தான். ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் முன்பே பதில் வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து அரைமணி நேரத்துக்குள் கேட்டைத் தாண்டினால் அது ஓவர்டைம் இல்லை, அரைமணி தாண்டினால் ஓவர்டைம். "எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான் சார் போடுவோம்" என்றார்.

"பிரதீப் அவர்கள் ஒருதடவை ரெண்டாம் பிளாண்டுக்கு வந்து பார்க்கணும்" என்றார் சார். நான் புரிந்துகொண்டேன், பாவம் பிரதீப்புக்குப் புரியவில்லை.

பிளாண்டில் ஆபரேட்டர் மணி அடித்ததும் போய்விட முடியாது. அடுத்த ஷிப்ட்காரர் வரவேண்டும். அவரை ஒவ்வொரு ரியாக்டராக அழைத்துக்கொண்டு போய் இதில் சூடு இவ்வளவு, அதில் வால்வு பாதி மூடியிருக்கிறது என்று காட்ட வேண்டும். வந்தவர் எல்லாம் பார்த்துவிட்டு "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு குளியல். அங்கே தயாராகிற மஞ்சள் சாயம் உடம்பில் பட்டால் ஒரு சோப்புக்கெல்லாம் போகாது. பிரதீப்பை ஒரு ஷிப்ட் முழுக்க அங்கே நிறுத்திக் குளிக்கவும் வைத்தார் சார். பையன் கேட்டுக்கு வந்தபோது அரைமணி எப்போதோ தாண்டியிருந்தது. காது மடல் மட்டும் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"இப்ப அந்த ரூல்ல தொழிலாளின்னு இருக்குற எடத்துல உங்க பேரப் போட்டுப் பாருங்க" என்றார் சார்.

எந்த ரூலையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். 'தொழிலாளி' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, அவனுக்கு இது எப்படி முடியும் என்று கேட்பார். ஒப்படைக்கிற நேரமும் குளிக்கிற நேரமும் வேலை நேரத்தில் சேர்ந்தன. அது சுலபமாக முடிந்துவிட்டது. அடுத்து வந்ததுதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

எங்கள் கம்பெனியில் 'மாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தருக்குச் சாவு, கல்யாணம், அறுப்பு, வெள்ளம் என்று ஏதாவது வந்தால், அவர் ஷிப்டில் இன்னொருத்தர் நிற்பார். தன் ஷிப்டை முடித்துவிட்டு அப்படியே தொடர்ந்து நிற்பார். பின்னால் ஒருநாள் முதல் ஆள் அதேபோல் நின்று திருப்பிவிடுவார். இதில் காசுப் பேச்சே கிடையாது. சூப்பர்வைசரும் கண்டுகொள்ளமாட்டார். ரியாக்டர் முன்னால் ஒரு ஆள் இருந்தால் போதும், யாருடைய இடமோ அவருக்கு வந்ததாகக் குறித்துவிடுவார். பேப்பர் மஸ்டர் இடத்தை எண்ணியது. மெஷின் ஆளை எண்ணும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

பழைய முறையும் புது முறையும் பக்கத்தில் பக்கத்தில் சில மாதம் ஓடட்டும் என்று வைத்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் கலியமூர்த்தியின் மனைவி செல்விக்கு விபத்து நடந்தது. குமராட்சிப் பக்கம் அவர்கள் ஊர். நல்ல மழை. மினி பஸ் ஒன்று வாய்க்காலில் சரிந்ததில் செல்விக்கு முதுகெலும்பில் அடி. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கலியமூர்த்திக்கு அப்போதே சம்பள லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு.

அவருக்கு மாத்து நின்றவன் ராஜவேலு. கிள்ளைக்காரன், கலியமூர்த்தியைவிட வயதில் இளையவன். இருவரும் உறவில்லை, சாதிகூட ஒன்றில்லை. ஒரே ரியாக்டரில் பல வருடம் நின்றதில் மாமா மச்சான் ஆகிவிட்டார்கள். கலியமூர்த்தி ஒருநாள் வருவார், ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருப்பார். அவர் வராத நாளெல்லாம் ராஜவேலு தன் ஷிப்டோடு சேர்த்து அவர் ஷிப்டும் நின்றான். ஒரு காலைநேரம் கம்பெனி பஸ்ஸில் நான் வந்து இறங்கும்போது, வீட்டுக்குப் போக ஏறியவன் என் கண் முன்னாலேயே நின்றபடி தூங்கினான்.

"ஏன்டா, உடம்பு என்னாத்துக்கு ஆவும்?" என்று அதட்டினேன்.

"ஒண்ணும் ஆவாது மேடம். மாமா ரெண்டு நாளா சோறு துன்னல. அத விடவா?" என்றான்.

இப்படியே மூன்று மாதம் போன பிறகு சாஃப்ட்வேர் தன் முதல் அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. ஓவர்டைம் அதிகம் உள்ளவர் பட்டியலில் முதல் பெயர் ராஜவேலு. சொல்லாமல் வராதவர் பட்டியலில் முதல் பெயர் கலியமூர்த்தி. எங்கள் பேப்பர் மஸ்டரிலோ கலியமூர்த்தி ஒருநாள்கூடத் தவறாமல் வந்திருந்தார். சென்னையிலிருந்து ஃபைனான்ஸ் மேனேஜர் காரைப் போட்டுக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"இது ஆள்மாறாட்டம். ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சார் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"உங்க பேப்பர் இந்த ஆள் உள்ள இருந்தார்னு சொல்லுது" என்று அவர் தொடர்ந்தார். "மெஷின் இல்லைன்னு சொல்லுது. நாளைக்கு ரியாக்டர் வெடிச்சா, உள்ள யார் மாட்டிக்கிட்டாங்கன்னு எதைப் பார்த்து வீட்டுக்குச் சொல்வீங்க? இல்லாத ஆளைத் தேடுவீங்க. இருக்கற ஆளை விட்டுடுவீங்க."

எனக்கு அந்த மனிதர்மேல் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் பதினாறு மணி நேரம் தூங்காமல் அமிலத்துக்கு முன்னால் நின்ற ராஜவேலுவை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் எங்கள் மஸ்டரில் அவன் வீட்டில் இருந்திருப்பான்.

தேவசகாயம் சார் அந்த இரண்டு பட்டியலையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "கேள்வி சரி சார். தண்டனை தப்பு. எனக்கு ரெண்டு வாரம் குடுங்க, அய்யா அவர்கள் தயவு பண்ணணும்" என்றார். அவ்வளவு மரியாதையை அவர் வாயில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஃபைனான்ஸ் மேனேஜர் இரண்டு வாரம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் ராஜவேலு வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு வாசலிலேயே நின்றான்.

"மேடம், எம்பேர்ல என்னமோ ஓவர்டைம் ஏறியிருக்காமே. அத எடுத்துடுங்க."

"எடுக்க முடியாதுப்பா. நீ நின்ன மணிக்கெல்லாம் ரெட்டைச் சம்பளம் குடுத்தாவணும். சட்டம்."

"நான் கம்பெனிக்கா நின்னேன்? மாமாவுக்கு நின்னேன். மாத்துக்குக் காசு வாங்குனேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் மூஞ்சியில முழிப்பேன்? வேணாம் மேடம்."

பிரதீப்பைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த சாஃப்ட்வேரில் இடமே இல்லையாம். "இதுவரைக்கும் எந்தக் கம்பெனியிலயும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல மேடம்" என்றார், ஏதோ தன் தப்பு மாதிரி.

சார் ராஜவேலுவை உள்ளே அழைத்தார். முதலில் இரட்டை ஷிப்ட் நின்றதற்கு "ராஜவேலு அவர்கள் எங்க எல்லாரையும் ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்க" என்று மரியாதையாலேயே தோலை உரித்தார். அவன் முகம் செத்துப்போன பிறகு குரல் மாறியது. "சட்டம் குடுக்கத்தான்யா சொல்லுது. நீ அத வச்சிக்கணும்னு சொல்லல. வாங்கிக்க."

அவன் வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் கலியமூர்த்தி வந்து சார் முன்னால் கையைக் கூப்பினார். செல்விக்குச் சக்கர நாற்காலி வந்திருக்கிறதாம், கம்பெனி கொடுத்தது என்று ராஜவேலு சொன்னானாம். சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சக்கரத்துக்கு அப்பப்ப எண்ணெ போடுய்யா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

கலியமூர்த்தி வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லாத லீவு என்று சார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. இதைச் சொன்னதும் கலியமூர்த்தி சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அங்கேயே உடைந்து அழுதார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். ஆஸ்பத்திரியில் செல்வியைச் சேர்த்த அன்றுகூட அழவில்லை என்று ராஜவேலு சொல்லியிருந்தான்.

"சம்பளம் போனா போவுது சார். மச்சான் நின்ன ஷிப்டுங்கள நான் எப்படித் திருப்புவேன்? இனிமே ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாப்புல நிக்க மெஷின் விடாதாம். அவன் தூங்காம நின்னான் சார். நான் வாங்கிட்டு ஏமாத்துன மாதிரி ஆயிடுமே."

வேலை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் இது. மாத்து வாங்கித் திருப்பாத ஆள் என்று பெயர் வந்தால், பிறகு அந்த பிளாண்டில் ஒருத்தன் அவரிடம் 'வாங்கிட்டேன்' என்று மனதாரச் சொல்லமாட்டான். சொல்லுவான், ஆனால் எல்லா வால்வையும் தானே மறுபடி ஒருதடவை தொட்டுப் பார்ப்பான். இது பிளாண்ட்காரர்களுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து சாரும் நானும் பிரதீப்பும் உட்கார்ந்தோம். சார் உட்காரவில்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். மாத்து என்கிற வழக்கம் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இருக்கிற ஆள் யார் என்பது நொடியில் தெரியவேண்டும். யாரும் தூங்காமல் நிற்கக் கூடாது. ஓவர்டைமும் ஆகக் கூடாது, ஆப்சென்ட்டும் ஆகக் கூடாது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிரதீப் ஏற்றினார். சார் பின்னாலிருந்து, "இதுல கலியமூர்த்தியப் போடு. சரி. இப்ப ராஜவேலு. இப்ப உன்னப் போட்டுப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நின்றது இதுதான். ஒருவர் தன் வார லீவு நாளில் இன்னொருவருக்காக நிற்கலாம். தன் விரலைத்தான் வைக்கவேண்டும். இரண்டு ஷிப்ட் சேர்த்து நிற்கக் கூடாது. மாதத்தில் ஒருதடவைதான். விட்டுப்போன வார லீவை, சட்டம் சொல்கிறபடி, முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ரிசர்வ் ஆள் நிற்பார். இருவரும் டைம் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும். தலைமை அலுவலகத்து வக்கீல் ஒன்றே ஒன்று கூடச் சேர்த்தார். நின்ற நாள் என்று ஒரு கட்டம் இருந்தால், திருப்பிய நாள் என்று இன்னொரு கட்டமும் இருக்கவேண்டும். அதை நிரப்பாமல் சாஃப்ட்வேர் விடக் கூடாது. திருப்பாத மாத்து ஆள்மாறாட்டம்தான் என்றார். திருப்பிய நாள் பழைய தேதியாக இருக்கலாமா என்று பிரதீப் கேட்டார். சிலர் முன்கூட்டியே நின்று கொடுப்பதும் உண்டு என்பதால், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த மாத்து விதிக்கு அதன் முதல் எழுத்தான 'எம்' என்று பெயர் வைத்தோம்.

ராஜவேலுவுக்கு இது பிடிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் திருப்ப வேணாம்" என்று டைம் ஆபீஸில் வந்து சண்டை பிடித்தான். "நீ வேணாம்னா அவரு தல நிமிர முடியாதுடா. போட்றா கையெழுத்த" என்றேன். போட்டான்.

கலியமூர்த்தியின் வார லீவு புதன்கிழமை. அவரே கேட்டு வாங்கிய நாள் அது. செல்வி வீட்டுக்கு வந்த பிறகு, வாராவாரம் புதன்கிழமை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று புதன் அவரே தூக்கிக்கொண்டு போவார். மாதத்தில் ஒரு புதன் ராஜவேலுவுக்காக பிளாண்டில் நிற்பார். அன்றைக்கு மட்டும் செல்வியின் அண்ணன் அழைத்துக்கொண்டு போகிறார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு புதன்கிழமை நான் ரத்தக்கொதிப்புக்கு மருந்து வாங்க லீவு போட்டுவிட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சி கொடுக்கிற கூடத்தைத் தாண்டும்போது, தெரிந்த குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. எதிரே காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "வா தங்கச்சி, இன்னும் ரெண்டு எட்டு, வா வா வா" என்று பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தான் ராஜவேலு.

என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தான்.

"என்னடா இது? உனக்கு ஓய்வு குடுக்கத்தான அந்த மனுஷன் அங்க உன் எடத்துல நிக்கிறாரு?"

"ஓய்வுதான் மேடம். என் லீவுல நான் எங்க வேணா போவேன் இல்ல?"

செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் முதல் மாசத்தோட வர்றத நிறுத்திட்டாரு மேடம். இந்த அண்ணன்தான் கிள்ளையிலேர்ந்து வந்து கூட்டிட்டுப் போவுது. அவருகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இதையும் கணக்குல ஏத்திக்குவாரு. அப்புறம் கடன் தீரவே தீராது."

மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது என்று கேட்டார். ரத்தக்கொதிப்பு என்றேன்.

மூன்று மழைக்காலம் போனது. இடையில் தேவசகாயம் சார் ஓய்வு பெற்றார். தன் பிரிவுபசார விழாவில் என்னை "ஏம்மா கோமதி" என்றே அழைத்தார், அது எனக்குப் போதும். அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் கலியமூர்த்தி டைம் ஆபீஸுக்கு வந்தார். சட்டை புதிது.

"நேத்தோட முடிஞ்சிது மேடம். மச்சான் நின்னதெல்லாம் நின்னு குடுத்துட்டேன். ஒருதடவ பார்த்துச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். நின்ற நாளுக்கெல்லாம் நேரே திருப்பிய நாள் இருந்தது. ஒன்றும் பாக்கி இல்லை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்த ராஜவேலு என் கண்ணுக்கு முன்னால் வந்தான். அந்தப் புதன்களை ஏற்ற சாஃப்ட்வேரில் கட்டம் கிடையாது.

"எல்லாம் நேரா இருக்கு கலியமூர்த்தி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு நிம்மதிச் சிரிப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

செல்வி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். நான் ஓய்வு பெற்ற அன்று கேட் வரைக்கும் நடந்துவந்து எனக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தாள்.

சாயங்காலம் நிஷாவைக் கூப்பிட்டேன். இவ்வளவையும் சொல்லவில்லை. மாத்து என்றால் என்ன, எம் என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னேன்.

"புரிஞ்சிது மேடம். கலியமூர்த்தி வந்ததும் அதுக்குத்தான். ராஜவேலு அண்ணன் இருக்காரு இல்ல, அவரு பொண்ணுக்குக் கல்யாணமாம். இவரு அவருக்கு நிக்கிறாராம். மாசத்துக்கு ஒண்ணுதான்னு சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாரு. ஆனா திருப்புற நாள் என்னான்னு சாஃப்ட்வேர் கேக்குது, இவரு சொல்லமாட்டேங்குறாரு. திருப்பல்லாம் வேணாமாம்."

"திருப்பாத மாத்துக்கு விடாதும்மா."

"அதத்தான் மேடம் நானும் சொன்னேன். அதுக்கு, 'நான் எப்பவோ வாங்கிட்டேம்மா, ஆஸ்பத்திரியிலயே வாங்கிட்டேன், முதல் மாசத்துலயே தெரியும்'ங்கிறாரு. 'மச்சானுக்கும் செல்விக்கும் நான் தெரிஞ்சிக்கக் கூடாதுன்னு ஆச, அதான் கேக்கல'ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல மேடம். அந்தக் கட்டத்துல நான் என்னா தேதி போடுறது?"

அந்த வியாழக்கிழமை அவர் சிரித்த சிரிப்பு எதற்கென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. நிஷா "மேடம், மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். பழைய தேதி போடலாம், அது ஏத்துக்கும். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்."

"எந்தப் பழைய தேதி மேடம்?"

"அந்த வருஷங்கள்ல அவரு ராஜவேலுவுக்கு நின்ன புதன்கிழமை நிறைய இருக்கும் பாரு, அன்னிக்கெல்லாம் ராஜவேலு இவருக்காக ஆஸ்பத்திரியில நின்னான். அதுல ஏதாவது ஒண்ணப் போடும்மா. எதப் போட்டாலும் சரிதான்."